லூசியானாவில் சாப்பிடுவது எப்படி, கம்போ சமைப்பது எப்படி

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் எது நன்றாக இருக்கும் என்பதை ஊர், மாதம், கிழமை மூன்றும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. கடையின் பெயர் அதற்குப் பிறகுதான் வரும். செப்டம்பரில் போய் கிராஃபிஷ் கேட்டால் உறையவைத்ததுதான் கிடைக்கும். நியூ ஆர்லியன்ஸை விட்டு நகராமல் இருந்துவிட்டால் பூடேன் என்னும் பன்றிக்கறி சாசேஜின் உண்மையான ருசி தெரியாது. ஊருக்குப் போகிறவர்கள் எதை எப்போது எப்படிக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம் என்பது இந்தக் குறிப்பின் முதல் பாதி. போக முடியாதவர்களும் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய கம்போ என்னும் குழம்பு இரண்டாம் பாதி. இரண்டாவதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். அந்த மாநிலத்துச் சமையலின் கைப்பக்குவம் முழுக்க அந்த ஒரு சட்டியில் இருக்கிறது.

ஒரு மாநிலம், இரண்டு அடுப்படிகள்

கிரியோல் என்பது நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சமையல். பிரெஞ்சு ஆட்சியிலும் ஸ்பானிய ஆட்சியிலும் வளர்ந்த துறைமுக நகரம் அது. அங்கே அடுப்படியில் நின்று சமைத்தவர்களில் பெரும்பாலோர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும். வெண்டைக்காய் அவர்கள் வழியாகத்தான் கம்போவுக்குள் வந்தது. சாசஃப்ராஸ் மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்துக் குழம்பைக் கெட்டியாக்கும் வழக்கம், அந்த மண்ணின் பூர்வகுடிகளான சோக்டா மக்களுடையது. அந்தப் பொடிக்கு ஃபிலே என்று பெயர். பின்னால் சிசிலியர்கள் வந்தார்கள், 1975க்குப் பிறகு வியட்நாமியர்கள் வந்தார்கள். எல்லாரும் ஆளுக்கொன்று சேர்த்துவிட்டார்கள்.

கேஜன் என்பது மேற்கே லஃபாயெட் நகரைச் சுற்றியுள்ள அகேடியானா பகுதியின் சமையல். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியிலிருந்து 1755 முதல் பிரிட்டிஷாரால் விரட்டப்பட்ட பிரெஞ்சுக் குடியானவர்கள், 1760களில் தொடங்கி இந்தச் சதுப்பு நிலத்திலும் புல்வெளியிலும் வந்து குடியேறினார்கள். கையில் கிடைத்த பன்றி, கோழி, அரிசி, ஆற்று மீன் இவற்றை வைத்து ஒரே சட்டியில் சமைத்தார்கள்.

தட்டைப் பார்த்தவுடன் அடையாளம் காண ஒரு வழி: தக்காளி, வெண்ணெய், கடல் உணவு மூன்றும் தூக்கலாக இருந்தால் கிரியோல். தக்காளியே இல்லாமல், கருத்த குழம்பும் புகையிட்ட இறைச்சியுமாக இருந்தால் கேஜன். இறைச்சி சேர்த்துச் சமைக்கும் ஜம்பலாயா சாதத்திலும் இதே கணக்குதான். நகரத்தில் சிவப்பாக இருக்கும், மேற்கே பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்பு, இறைச்சியைச் சட்டியின் அடியில் நன்றாகச் சிவக்க வறுப்பதால் வருவது. இரண்டு பகுதியிலும் விதிவிலக்குகள் உண்டு. ஆனால் மெனுவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க இது போதும்.

மாதமும் கிழமையும்

கிராஃபிஷ் நன்னீரில் வளரும், சிறிய கல் இறால் போன்ற உயிரினம். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ சந்தைக்கு ஒழுங்காக வரத் தொடங்கும். அப்போது சிறியதாகவும் விலை அதிகமாகவும் இருக்கும். மார்ச் நடுவிலிருந்து மே முடிய உச்சம். ஜூன் ஆனதும் ஓடு தடித்துவிடும், உரிப்பதற்கே கை வலிக்கும். இவற்றில் பெரும்பகுதி நெல் வயல்களில் வளர்கிறது. அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் கட்டி, அதிலேயே கிராஃபிஷ் பிடிப்பார்கள். அதனால் மழை பொய்த்தால் இரண்டும் அடிவாங்கும். 2023 கோடையின் வறட்சிக்குப் பிறகு, 2024 பருவத்தின் தொடக்கத்தில் வரத்து சுருங்கி விலை எகிறியது இப்படித்தான்.

இறாலுக்கு மே மாதத்தில் பழுப்பு இறால், ஆகஸ்டில் வெள்ளை இறால் என இரண்டு பருவங்கள். சிப்பி ஆண்டு முழுதும் கிடைத்தாலும் குளிர்காலத்தில்தான் சதைப்பிடிப்பாக இருக்கும். கல்லீரல் கோளாறோ நீரிழிவோ உள்ளவர்கள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் பச்சைச் சிப்பியை எந்த மாதத்திலும் தொட வேண்டாம். வெதுவெதுப்பான மெக்சிகோ வளைகுடா நீரில் விப்ரியோ பாக்டீரியா பெருகும், அவர்களுக்கு அது உயிராபத்து. அவர்கள் சுட்ட சிப்பி கேட்கலாம். பூண்டு வெண்ணெயும் சீஸும் இட்டு, ஓட்டோடு நெருப்பில் வாட்டித் தருவார்கள்.

ஜனவரி 6 முதல், தவக்காலத்துக்கு முந்தைய மார்டி கிரா திருவிழா நாள் வரை கிங் கேக் காலம். ஊதா, பச்சை, தங்க நிறச் சர்க்கரை தூவிய வளையம். உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் பொம்மை இருக்கும், பார்த்துக் கடிக்க வேண்டும். பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர்தான் அடுத்த கேக் வாங்கித் தர வேண்டும். நியூ ஆர்லியன்ஸின் கிழக்குப் பகுதியில் வியட்நாமியக் குடும்பம் நடத்தும் டாங் ஃபூங் பேக்கரியின் கிங் கேக்குக்குக் கூட்டம் அள்ளும். முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் போனால் ஏமாற்றம்தான்.

திங்கட்கிழமை என்றால் சிவப்பு பீன்ஸும் சாதமும். அந்தக் காலத்தில் திங்கள்தான் துணி துவைக்கும் நாள். ஞாயிறு விருந்தில் மீந்த பன்றித் தொடை எலும்பைப் பீன்ஸோடு போட்டு அடுப்பில் விட்டுவிட்டால், துவைத்து முடிக்கும்போது சாப்பாடு தயாராக இருக்கும். இன்றும் நகரத்துச் சின்னச் சின்னக் கடைகள் திங்களன்று இதைத்தான் அன்றைய சாப்பாடாகப் போடுகின்றன. வேறு நாளில் கேட்பதைவிடத் திங்களன்று கேட்பது நல்லது, புதிதாக வெந்திருக்கும்.

நகரத்தில் கேட்டு வாங்கும் முறை

போ-பாய் என்பது நீளமான பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து, பொரித்த இறால், சிப்பி, அல்லது குழம்போடு மாட்டிறைச்சி வைத்துத் தரும் சாண்ட்விச். 1929இல் டிராம் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்னாள் டிராம் ஊழியர்களான மார்ட்டின் சகோதரர்கள் தங்கள் கடையில் அவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போட்டார்கள். இந்தச் சாண்ட்விச்சின் புகழை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். கடையில் 'டிரெஸ்ட்' என்று சொன்னால் லெட்டூஸ், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மயோனைஸ் எல்லாம் வரும். சொல்லாவிட்டால் வெறும் இறாலும் ரொட்டியும்தான். அடுத்து நீளம் கேட்பார்கள். பாதியே ஒருவருக்கு வயிறு நிறையும். பார்சல் வாங்கி விடுதி அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த ரொட்டியின் மேல்தோல் மெல்லியது, மொறுமொறுப்பானது. காகிதத்துக்குள் 15 நிமிடம் ஆவியில் இருந்தால் சவசவத்துவிடும்.

மஃபலெட்டா சிசிலியர்கள் கொடுத்தது. 1906இல் தொடங்கிய சென்ட்ரல் குரோசரியில் பிறந்தது. எள் தூவிய வட்ட ரொட்டி, அடுக்கடுக்காகப் பன்றி இறைச்சி வகைகள், சீஸ், மேலே ஆலிவ் காய் ஊறுகாய். போ-பாய்க்கு நேர்மாறாக இது ஒரு மணி நேரம் வைத்திருந்து சாப்பிட்டால்தான் நன்றாக இருக்கும். ஆலிவ் எண்ணெய் ரொட்டியில் ஊற வேண்டும். முழு வட்டத்தை இரண்டு, மூன்று பேர் பகிரலாம்.

பழைய உணவு மண்டபங்களுக்கு உடை ஒரு நிபந்தனை. 1840இல் தொடங்கிய ஆன்ட்வான்ஸ், 1893இல் தொடங்கிய கமாண்டர்ஸ் பேலஸ், 1905இல் தொடங்கிய கலட்வாஸ் மூன்றிலும் அரைக்கால் சட்டையோடு போய் நிற்காதீர்கள். கலட்வாஸில் மாலையில் ஆண்களுக்குக் கோட் கட்டாயம். அங்கே வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு நகரத்தின் பெரிய சடங்கு. காலையிலேயே வாசலில் வரிசை நிற்கும், உட்கார்ந்தவர்கள் மாலை வரை எழுந்திருக்க மாட்டார்கள். அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு அந்த நாள் ஒத்துவராது. பரிமாறுபவருக்கு 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது எங்கும் வழக்கம்.

1941இல் தொடங்கிய டூக்கி சேஸ் உணவகத்தை விட்டுவிடக் கூடாது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே மேசையில் உட்காருவது சட்டவிரோதமாக இருந்த காலத்தில், சிவில் உரிமை இயக்கத்தவர் கூடிப் பேசிய இடம் அதன் மாடி அறை. அதை நடத்திய லியா சேஸ் 2019இல் காலமாகும்வரை சமையலறையை விடவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று அங்கே கம்போ ஸெர்ப் என்னும் கீரைக் கம்போ போடுவார்கள். பல வகைக் கீரைகளை ஒன்றாக வேகவைத்து அரைத்தது. கீரைக் கம்போ என்றதும் சைவம் என்று எண்ணிவிட வேண்டாம், அதில் பல வகை இறைச்சி இருக்கும்.

காபி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சிக்கரி கலந்த டிகாக்‌ஷனும் சூடான பாலும் சரிபாதி. தமிழ்நாட்டு நாக்குக்கு முதல் வாயிலேயே பழகிய ருசி. 1862 முதல் நடக்கும் கஃபே டு மாண்டில் அதோடு பென்யே வரும். சதுரமாகப் பொரித்த மாவு, தட்டுக்கு மூன்று, மேலே மாவுச் சர்க்கரை குவியலாக. வாய்க்குக் கொண்டுபோகும்போது மூச்சை இழுக்காதீர்கள், சர்க்கரை தொண்டைக்குள் போய்ப் புரையேறும். கறுப்புச் சட்டையும் வேண்டாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்த இறாலோ கிராஃபிஷோ பரிமாறும் கடைகள் அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2019 முதல் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள். வளைகுடா இறாலுக்கு ஒரு இனிப்பும் கெட்டித்தன்மையும் உண்டு. அதைச் சாப்பிடத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்?

மேற்கே: பூடேனும் கிராஃபிஷும்

ஐ-10 நெடுஞ்சாலையில் லஃபாயெட்டைத் தாண்டியதும் வரும் ஸ்காட் ஊர்தான் பூடேனுக்குத் தலைநகர். பன்றிக்கறி, கொஞ்சம் ஈரல், சாதம், வெங்காயத்தாள், மிளகு இவற்றை வேகவைத்து அரைத்துக் குடலில் அடைத்தது. இறைச்சிக் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் சூடாக எடை போட்டுத் தருவார்கள். காலையில் போவதே சரி. மாலைக்குள் சூட்டுப்பெட்டியில் கிடந்து காய்ந்திருக்கும். சாப்பிடும் முறை இதுதான்: ஒரு நுனியைக் கடித்துத் திறந்து, மறு நுனியிலிருந்து விரலால் பிதுக்கி, உள்ளே இருப்பதை வாயில் வாங்குவது. வேகவைத்த பூடேனின் தோல் ரப்பர் போல இழுக்கும், அதைத் தின்னத் தேவையில்லை. புகையிட்டதோ கனலில் சுட்டதோ என்றால் தோலோடு சாப்பிடலாம்.

கிராஃபிஷைப் பவுண்டுக் கணக்கில் கேட்க வேண்டும். பழகாதவருக்கு 2 பவுண்டு, பழகியவருக்கு 3 முதல் 5 பவுண்டு. கேட்கும்போது மலைப்பாக இருக்கும், ஆனால் எடையில் ஏறக்குறைய 15 சதவீதம்தான் சதை. உரிக்க: தலையை ஒரு கையிலும் வாலை மறு கையிலும் பிடித்துத் திருகிப் பிரியுங்கள். தலைக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பை உறிஞ்சுவது உள்ளூர் வழக்கம், மசாலா எல்லாம் அங்கேதான் தங்கியிருக்கும். பிறகு வாலின் முதல் இரண்டு வளையங்களை உரித்துவிட்டு, வால் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு சதையை இழுத்தால் முழுசாக வரும். நுனியை அழுத்தாமல் இழுத்தால் பாதியில் அறுந்து, மீதி ஓட்டுக்குள்ளேயே நின்றுவிடும். கண்ணில் கை வைக்காதீர்கள். அந்தக் கேயன் மிளகாய் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டால் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவினாலும் போகாது.

வீட்டில் கொதிக்கவைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, தண்ணீரில் அதிக நேரம் கொதிக்க விடுவது. மறுபடி கொதி வந்ததும் 3 முதல் 5 நிமிடம்தான். அடுப்பை அணைத்து 20 முதல் 30 நிமிடம் அதே நீரில் ஊற விட வேண்டும். வேகுவது கொதியில், மசாலா ஏறுவது ஊறலில். கொதியிலேயே இரண்டையும் முடிக்கப் பார்த்தால் சதை ஓட்டோடு ஒட்டிக்கொண்டு உரிக்க வராது. இன்னொன்று, உயிரோடு இருக்கும் கிராஃபிஷை உப்பு நீரில் போட்டால் குடல் சுத்தமாகும் என்ற நம்பிக்கை. அப்படி எதுவும் நடப்பதில்லை. நல்ல தண்ணீரில் சேறு போகும்வரை அலசுங்கள், செத்ததைப் பொறுக்கி எறியுங்கள். அது போதும்.

கம்போ

இங்கே சொல்வது கோழியும் ஆண்டூயி சாசேஜும் போட்ட கேஜன் கம்போ. 8 முதல் 10 பேருக்கு வரும்.

தோல், எலும்போடு கோழித் தொடை: 1.5 கிலோ
ஆண்டூயி: 450 கிராம்
எண்ணெய்: 240 மி.லி.
மைதா: 130 கிராம் (1 கப்)
பெரிய வெங்காயம்: 400 கிராம்
பச்சைக் குடைமிளகாய்: 200 கிராம்
செலரித் தண்டு: 150 கிராம்
பூண்டு: 6 பல்
பே இலை: 3
காய்ந்த தைம்: 1 தேக்கரண்டி
மிளகுத்தூள்: 1 தேக்கரண்டி
வெள்ளை மிளகுத்தூள், கேயன் மிளகாய்த்தூள்: தலா அரைத் தேக்கரண்டி
வெங்காயத்தாள், பார்ஸ்லி: தலா ஒரு கைப்பிடி
ஃபிலே, உப்பு

சில பொருள்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். ஆண்டூயி என்பது பன்றித் தோள்கறியைக் கொத்தி, பூண்டும் மிளகும் சேர்த்து, கடும் புகையிட்ட சாசேஜ். நியூ ஆர்லியன்ஸுக்கு மேற்கே லாபிளாஸ் ஊர் அதற்குப் பேர்பெற்றது. கிடைக்காவிட்டால் புகையிட்ட கோழி சாசேஜ் வாங்குங்கள், ஒரு தேக்கரண்டி புகையிட்ட பாப்ரிகா சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண சாசேஜ் போட்டால் குழம்பு மொட்டையாக இருக்கும், கம்போவின் முதுகெலும்பே அந்தப் புகைதான். பே இலைக்குப் பதில் நம் பிரியாணி இலையைப் போடாதீர்கள். அது வேறு மரம், பட்டை வாசனை அடித்துக் குழம்பின் குணத்தையே மாற்றிவிடும். கேயன் இல்லையென்றால் நல்ல மிளகாய்த்தூளைக் கொஞ்சம் குறைத்துப் போடலாம். மல்லித்தூள் கலந்த குழம்பு மிளகாய்த்தூள் கூடாது. டோனி சாஷெரீஸ் போன்ற கடை மசாலா சேர்ப்பதாக இருந்தால் தனியாக உப்புப் போடாதீர்கள், அதில் முதல் பொருளே உப்புதான்.

முதலில் சாறு. கோழியை மூன்றரை லிட்டர் தண்ணீரில், வெங்காயத் தோல், செலரி நுனிகளோடு 45 நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். கோழியை எடுத்து, ஆறியதும் எலும்பு நீக்கிப் பெரிய துண்டுகளாகப் பிய்த்துவையுங்கள். சாற்றை வடிகட்டுங்கள். இரண்டரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும்.

சாசேஜை அரை அங்குல வில்லைகளாக வெட்டி, தனி வாணலியில் இருபுறமும் சிவக்க வறுத்தெடுங்கள். தனி வாணலி என்பது முக்கியம். அடியில் ஒட்டிய துணுக்குகள் அதே சட்டியில் கிடந்தால், ரூ (எண்ணெயில் கருக்க வறுத்த மாவு) செய்யும்போது தீய்ந்து, குழம்பைக் கசக்கவைக்கும். இறங்கிய கொழுப்பை வடிகட்டி, 240 மி.லி. எண்ணெய்க் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

காய்களை இப்போதே பொடியாக நறுக்கி அடுப்பின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், குடைமிளகாய், செலரி இந்த மூன்றையும் அங்கே 'ஹோலி டிரினிட்டி' என்பார்கள். ரூ பதம் வந்த பிறகு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் ரூ தீய்ந்துவிடும்.

ரூ

தடித்த அடியுள்ள சட்டி வேண்டும். வார்ப்பிரும்பு மிக நல்லது. மெல்லிய அலுமினியச் சட்டியில் நடுவில் கருகும், ஓரத்தில் பச்சையாக இருக்கும். கிளற, நுனி தட்டையான மரத்துடுப்பு. வட்டக் கரண்டி சட்டியின் மூலையைத் தொடாது, கருகல் தொடங்குவதே அங்கேதான். எண்ணெய் வாசனையற்றதாக, அதிகச் சூடு தாங்குவதாக இருக்கட்டும். கடலை எண்ணெய் சரி. வெண்ணெய் கூடாது. அதிலுள்ள பால் திடப்பொருள் ரூ கருக்கும் முன்பே தான் கருகிவிடும்.

எண்ணெய் சூடானதும் மைதாவைக் கட்டியில்லாமல் கலந்து, மிதமான தீயில் கிளறத் தொடங்குங்கள். இதற்கு 40 முதல் 50 நிமிடம் ஆகும். தீயை ஏற்றிப் பதினைந்து நிமிடத்தில் முடிப்பவர்கள் உண்டு, பல ஆண்டு பழக்கம் இருந்தால் மட்டும் அது சரிவரும். கிளறலை நிறுத்தக் கூடாது, போனையும் எடுக்கக் கூடாது. ரூ தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டே வேகவைக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள், குழந்தைகளை அடுப்படிக்கு வெளியே அனுப்புங்கள்.

முதல் பத்து நிமிடத்தில் நுரைத்து வெளிர் நிறத்தில் இருக்கும், பச்சை மாவு வாடை போகும். பிறகு மணல் நிறம், வறுத்த கடலை வாசனை. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வேர்க்கடலை வெண்ணெய் நிறம். கடல் உணவு போட்ட கிரியோல் கம்போவுக்கு இதையொட்டியே நிறுத்துபவர்கள் உண்டு. அடுத்து செம்பு நிறம், பிறகு பால் சாக்லேட், கடைசியில் கரிய சாக்லேட். கோழிக் கம்போவுக்குப் பால் சாக்லேட் நிறத்தைத் தாண்டி ஒரு படி போக வேண்டும். செம்புக்குப் பிறகு நிறம் வேகமாக மாறும், அதனால் அங்கிருந்து தீயைக் குறைத்துவிடுங்கள். கருக்கக் கருக்க ரூ நெகிழ்ந்து தண்ணீராகும். மாவிலுள்ள ஸ்டார்ச் வெப்பத்தில் உடைவதால், கெட்டியாக்கும் சக்தி குறைந்துகொண்டே வரும். கரிய ரூவில் செய்த கம்போ நீர்க்க இருப்பது குறை இல்லை, அதன் இயல்பே அதுதான்.

கறுப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ நெடி மூக்கைக் குத்தினாலோ அது தீய்ந்த ரூ. காப்பாற்ற வழியில்லை. சர்க்கரையோ தக்காளியோ போட்டு மறைக்கப் பார்த்தால் கோழி, சாசேஜ், மூன்று மணி நேரம் எல்லாம் வீண். சட்டியைக் கழுவிவிட்டு, இன்னொரு கப் மாவோடு மறுபடி தொடங்குங்கள். இந்த இடத்தில் போனது மாவும் எண்ணெயும் மட்டும்தான்.

நின்று கிளற முடியாதவர்கள், எண்ணெயும் மாவும் கலந்த சட்டியை மூடாமல் 175 டிகிரி செல்சியஸ் அவனில் வைத்து, 20 நிமிடத்துக்கு ஒரு முறை கிளறி, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் அதே நிறத்துக்குக் கொண்டுவரலாம். லூசியானாக் கடைகளில் சவாய்ஸ், கேரீஸ் போன்ற பாட்டில் ரூவும் கிடைக்கும். அங்குள்ள வீடுகளில் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறார்கள்.

ரூவுக்குப் பிறகு

வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்பே வெங்காயத்தைக் கொட்டுங்கள். சட்டி சீறும், ஆவி கிளம்பும், ரூ கண்ணெதிரே இன்னும் ஒரு நிறம் கருக்கும். அதே நேரத்தில் காயின் ஈரம் சூட்டை இறக்கி, ரூ மேற்கொண்டு தீயாமல் பிடித்து நிறுத்தும். ஐந்து நிமிடம் வதக்கி, குடைமிளகாயும் செலரியும் சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம். பிறகு பூண்டு, ஒரு நிமிடம்.

சாற்றை ஒரு கரண்டி, ஒரு கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். முதல் சில கரண்டிக்குத் திரிந்ததுபோல் தெரியும், கிளறினால் சேர்ந்துவிடும். மொத்தமாக ஊற்றினால் ரூ கட்டி கட்டியாகப் பிரிந்து மிதக்கும். தைம், மிளகு வகைகள், பே இலை போட்டு, ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடாமல் ஒரு மணி நேரம். மேலே எண்ணெயும் நுரையும் ஒதுங்கும், அதைப் பொறுமையாக வழித்தெடுங்கள். இந்த ஒரு மணி நேரத்தைக் குறைத்தால் மாவு வாடை நிற்கும்.

பிறகு சாசேஜ் போட்டு அரை மணி நேரம். பிய்த்த கோழி கடைசி 15 நிமிடம். முன்னாலேயே போட்டால் நாராகப் பிரிந்துவிடும். உப்பை இப்போதுதான் சரிபாருங்கள், சாசேஜின் உப்பு இறங்கியிருக்கும். நீர்க்க இருப்பதாகத் தோன்றினால் மூடாமல் இன்னும் இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள், பச்சை மாவு கரைத்து ஊற்றாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் ருசி எழும்பவில்லை என்றால் வினிகர் கலந்த கிரிஸ்டல் மிளகாய்ச் சாஸ் சில சொட்டு போதும். அடுப்பை அணைத்து வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் தூவுங்கள்.

ஃபிலே கொதிக்கும் சட்டிக்குள் போகக் கூடாது, போனால் நூல் நூலாக இழுக்கும். தட்டில் பரிமாறிய பிறகு அவரவர் கால் தேக்கரண்டி தூவிக் கலந்துகொள்ளட்டும். கிடைக்காவிட்டால் 300 கிராம் வெண்டைக்காயை நறுக்கி, தனி வாணலியில் பதினைந்து நிமிடம் கொழகொழப்பு போக வதக்கி, சாறு ஊற்றியதும் சேர்த்துவிடுங்கள். இரும்பில் வதக்கினால் வெண்டை கருக்கும், வேறு வாணலி எடுங்கள். ஒரே சட்டியில் இரண்டும் வேண்டாம் என்பது பல வீடுகளின் கொள்கை. இரண்டும் கெட்டியாக்குபவை என்பதால் அதில் நியாயம் இருக்கிறது.

கடல் உணவுக் கம்போ என்றால் கோழிச் சாற்றுக்குப் பதில் இறால் தலையையும் ஓட்டையும் 30 நிமிடம் கொதிக்கவைத்த சாறு. இறாலை அணைப்பதற்கு 4 நிமிடம் முன்னால் போடுங்கள். சிப்பி அதற்கும் பிறகு, ஓரம் சுருண்டதும் போதும்.

பரிமாறும்போது நம் சாதம், குழம்புக் கணக்கு தலைகீழாகும். ஆழமான கிண்ணத்தில் இரண்டு கரண்டி கம்போ, நடுவில் அரை கப் உதிரியான வெள்ளைச் சாதம். பாஸ்மதி வேண்டாம், அதன் மணம் குறுக்கே நிற்கும். சாதாரண நீள அரிசி நல்லது. அகேடியானாவில் சாதத்தோடு, அல்லது சாதத்துக்குப் பதிலாக, ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட்டைக் கம்போவுக்குள்ளேயே போட்டுச் சாப்பிடுவார்கள். குளிர்ந்த சாலட், கொதிக்கும் குழம்பு இரண்டும் சேரும் அந்த வாய் அருமையாக இருக்கும், அவசியம் செய்து பாருங்கள்.

பன்றியும் இறைச்சியும் வேண்டாதவர்கள்

லூசியானாவில் 'பீன்ஸ்', 'கீரை' என்று மெனுவில் இருப்பதை நம்பி வாங்க முடியாது. சிவப்பு பீன்ஸில் பன்றி எலும்பு இருக்கும், பச்சை பீன்ஸில் பேக்கன் இருக்கும், சைவக் கம்போவின் சாறுகூடக் கோழியாக இருக்கலாம். 'இறைச்சி இருக்கிறதா' என்று மட்டும் கேட்காமல், 'சாற்றிலும் வதக்கிய கொழுப்பிலும் என்ன இருக்கிறது' என்று கேளுங்கள். பலர் இறைச்சித் துண்டு இல்லாததையே இறைச்சி இல்லாததாக எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.

வீட்டில் சைவச் சிவப்பு பீன்ஸ் செய்வது சுலபம். 450 கிராம் ராஜ்மாவை இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதலில் பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள். பச்சை ராஜ்மாவிலுள்ள நச்சு அந்தக் கொதியில்தான் போகும். வெங்காயம், குடைமிளகாய், செலரி, பூண்டு வதக்கிச் சேர்த்து, பே இலை, தைம், புகையிட்ட பாப்ரிகா போட்டு இரண்டு மணி நேரம் சிறுதீயில் வேகவிடுங்கள். வெந்தபின் கால் பங்கைச் சட்டியின் பக்கவாட்டில் கரண்டியால் நசுக்கிக் கலந்தால் குழம்பு தானே கெட்டிப்படும். தக்காளியோ வினிகரோ வேகும் முன்பே போட்டால் பீன்ஸ் இறுகி, எவ்வளவு நேரமானாலும் வேகாது.

கம்போ மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், அதனால் பெரிய சட்டியாகவே செய்யலாம். மீந்ததை அகலமான பாத்திரங்களில் ஆழமில்லாமல் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். முழுச் சட்டியாக வைத்தால் நடுப்பகுதி ஆற நேரமாகிக் கெட்டுவிடும். மூன்று, நான்கு நாள் தாங்கும். கோழிக் கம்போவை உறையவைத்தால் மூன்று மாதம் ருசி குறையாது. இறால் போட்டதை உறையவைக்க வேண்டாம், சூடாக்கும்போது ரப்பராகிவிடும்.